வேண்டாம் என்று சொல்லிப் பழகுதல்

— விளங்கினதோ? வெளியிலை போய், பெட்டையைப் பிடிக்கேல்லை எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்ல ஏலாது.

— விளங்குது, ஆதிரை. ஆனா, சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ, நான் அறைக்குள்ளை வந்து இன்னும் இருக்கக்கூட இல்லை.

— ஓ, சொறி. இருங்கோ, சுலக்ஷன் அண்ணை. கதிரையிலை கிடக்கிற புத்தகங்களைத் தூக்கிக் கட்டில்லை போடுங்கோ. கதவை மட்டும் முழுக்கச் சாத்தாதேங்கோ. கொஞ்சம் திறந்து கிடக்கவேணும் எண்டது அம்மாவின்ரை சட்டம்.

— அண்ணை எண்டு கூப்பிடாதேங்கோ. என்ரை அம்மா ஹோலுக்கைதான் இருக்கிறா. கேட்டாவெண்டா பெர்லின் போய்ச் சேருமட்டும் அழுவா.

— அது தெரிஞ்சுதான் கூப்பிட்டனான்.

— நல்ல ஆள் நீங்கள்.

— நல்ல ஆள் இல்லை. அதைத்தானே சொல்லுறன். போய்ச் சொல்லுங்கோ: சரியான வாய்க்காரி, சமைக்கத் தெரியாது, சாறி கட்டினா சாக்கு கட்டின மாதிரி இருக்கிறாள். எதைச் சொன்னாலும் எனக்குப் பிரச்சினை இல்லை.

— சாறி வடிவாத்தான் இருக்கு.

— பாத்தீங்களோ, தொடங்கியாச்சு. அந்தப் பக்கம் போகாதேங்கோ, பிளீஸ்.

— இல்லை இல்லை, சும்மா மரியாதைக்குச் சொன்னனான். ஏன், நீங்களே சொன்னா என்ன? இந்தக் காலத்திலை பெட்டையள்தானே வேண்டாமெண்டு சொல்லுகினம். எனக்கு இதுவரைக்கும் அவைதான் சொன்னவை.

— எனக்கு ஒரு அக்கா இருக்கிறா. சுபானி.

— எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?

— சொல்லமாட்டினம். இந்த வீட்டிலை அந்தப் பேர் கதைக்கிறதில்லை. ஜூலியன் எண்டு ஒரு ஜெர்மன் பெடியனைக் கட்டினவா. தூரமில்லை, இஞ்சை டோர்ட்மண்டிலைதான், நாலு ஸ்டேஷன் தள்ளி. அவை கலியாணம் பதிவெழுதின அண்டைக்கு அம்மா, அப்பாவின்ரை பிறெஷர் குளிசை முழுக்கத்தையும் விழுங்கிப்போட்டா. நான்தான் அம்புலன்சுக்கு அடிச்சனான்.

— கடவுளே.

— தப்பிட்டா. ஆனா கிழமைக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துவா. "நீயும் மாட்டனெண்டு சொன்னியெண்டா, இந்த முறை அம்புலன்ஸ் வரமுந்திப் போயிடுவன்." தேத்தண்ணி ஆத்திக்கொண்டே சொல்லுவா. பகிடியோ உண்மையோ எண்டு பரிசோதிச்சுப் பாக்க எனக்குத் தைரியமில்லை.

— அது ஆராலையும் ஏலாது.

— ஆனா மாப்பிளைப் பகுதி வேண்டாமெண்டா அது வேறை. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிவா. "அவைக்கு என்ன திமிர்" எண்டு ஃபோனிலை எல்லாருக்கும் சொல்லுவா. பிறகு அடுத்த சாதகத்தைக் கையிலை எடுப்பா. ஒருத்தரும் சாகத் தேவையில்லை.

— அடுத்தவன் வருவான்தானே?

— வரமுந்தி நான் போயிடுவன். செப்டெம்பரிலை இருந்து ஒரு வருசம், ஸ்கொட்லாண்டிலை ஒரு பள்ளிக்கூடத்திலை ஜெர்மன் படிப்பிக்க இடம் கிடைச்சிருக்கு. படிப்புக்குக் கட்டாயம் எண்டு சொல்லி அப்பாவை ஓம் எண்டு சொல்ல வைச்சிட்டன். கலியாணம் சரிவந்தா அது போச்சு. நிச்சயம் பண்ணின பெட்டையை ஆர் தனிய விடுவினம்?

— ஒரு வருசத்துக்குப் பிறகு?

— அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. ஒரு வருசம் மூச்சு விடவேணும். அவ்வளவுதான் கேக்கிறன்.

— சரி. சொல்லுறன்.

— உண்மையாவோ? இவ்வளவு கெதியாவோ?

— கெஞ்சுற ஆளை நிக்கவைச்சுப் பாக்கிறதே. ஆனா உடனை வெளியிலை போக ஏலாது. இப்பத்தான் உள்ளை வந்தனாங்கள். ரெண்டு நிமிசத்திலை வேண்டாமெண்டா, உங்களிலை ஏதோ பெரிய குறை எண்டு என்ரை அம்மா ஊர் முழுக்கச் சொல்லுவா. கொஞ்ச நேரம் கதைக்கிற சத்தம் கேக்கவேணும்.

— அதுவும் சரிதான். என்னத்தைக் கதைக்கிறது?

— இது என்ன புத்தகம்? இவ்வளவு மஞ்சள் துண்டு ஒட்டிக் கிடக்கு.

— மெல்லமாத் தொடுங்கோ, துண்டு கழண்டிடும். செவ்வாய்க்கிழமை எனக்கு யூனியிலை வாய்மொழிச் சோதனை. இங்கிலிஷ் நாவல், இருநூறு வருசப் பழசு. சோதனை இருக்கு, இந்த ஞாயிறு வேண்டாமெண்டு அம்மாவிட்டைச் சொன்னன். "ஒரு பெடியனோட கொஞ்ச நேரம் கதைச்சாப் படிச்சதெல்லாம் மறந்து போயிடுமோ" எண்டு கேட்டா.

— என்ன கதை?

— கலியாணம் கேக்கிற கதை. ஒரு கப்பல் கப்டனின்ரை மகள். மூண்டு பேர் வருகினம். ஆருக்கு ஓம், ஆருக்கு இல்லை. அவ்வளவுதான் முழுப் புத்தகமும்.

— எங்கடை ஆக்களின்ரை கதை போலை கிடக்கு.

— இல்லை. அங்கை மாப்பிளை தானா வந்து, தொப்பியைக் கையிலை வைச்சுக்கொண்டு அவளிட்டையே கேக்கிறான். தாயிட்டை இல்லை, தேப்பனிட்டை இல்லை. அவளிட்டை.

— அப்ப நல்லது. நான்தான் சோதனைக்காரர். சொல்லுங்கோ.

— நீங்கள் இலக்கியம் படிச்சனீங்களோ?

— நான் பெர்லினிலை ஊ-பான் ஓடுறன், நிலத்துக்குக் கீழை போற ரயில்.

— என்னது? ரயில்வே இஞ்சினியர் எண்டெல்லோ சொன்னவை!

— அது அம்மா. நான் போற ஒவ்வொரு வீட்டிலையும் அறைக்குள்ளை வந்து திருத்துறனான். அதோட அந்த வீடு முடிஞ்சிடும்.

— எனக்கு அதிலை ஒரு குறையும் இல்லை.

— தெரியும். உங்களுக்கு நானே தேவையில்லை, பிறகு என்ரை வேலை என்னத்துக்கு? முதலாவது ஆர், சொல்லுங்கோ.

— உப்பு வியாபாரி. கொஞ்சம் வயது போன மனிசன், நல்ல வசதி. "என்ரை வீட்டிலை எல்லா ஜன்னலும் கடல் பக்கம், உங்களுக்குப் பிடிக்கும்" எண்டு கேக்கிறார். அவள் இல்லை எண்டுறாள்.

— என்னெண்டு சொல்லுறாள்?

— முகத்துக்கு நேர. "ஐயா, உங்களிலை எனக்கு மரியாதை இருக்கு. ஆனா உங்களோட நான் ஒரு பின்னேரம்கூடச் சிரிச்சதில்லை. சிரிப்பில்லாத வீட்டிலை ஜன்னலாலை என்ன பிரியோசனம்?"

— அவர்?

— நன்றி சொல்லிப்போட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, மழைக்குள்ளை இறங்கிப் போறார்.

— நன்றியோ?

— ஓம். எங்கடை புறொபெசருக்கு அந்த இடம் சரியான விருப்பம். கட்டாயம் கேப்பா. அவர் ஏன் நன்றி சொன்னவர்?

— அது எனக்கே தெரியும்.

— சொல்லுங்கோ பாப்பம்.

— அவருக்கு ஏன் எண்டு தெரிஞ்சிட்டுது. எனக்கு இத்தினை வருசத்திலை ஒரு வீட்டிலையும் ஏன் எண்டு சொன்னதில்லை. போறது, றோல்ஸ் தின்னுறது, இப்பிடி அறைக்குள்ளை இருந்து எந்தப் படம் பிடிக்கும், எந்த நாட்டுக்குப் போக விருப்பம் எண்டு கதைக்கிறது. பேந்து ஒரு ஃபோன் வரும். "சாதகம் பொருந்தேல்லையாம்." சாதகம் பொருந்தாமல் நாங்கள் அந்த வீட்டுப் படி மிதிப்பமே? முதலே பாத்துத்தானே போறது! எல்லாருக்கும் தெரியும் அது பொய்யெண்டு. என்ரை அம்மாவும் "ஓமோம், செவ்வாய் இடிக்குதாம்" எண்டு தலையாட்டுவா. என்ரை வேலையோ, முகமோ, வாயோ, என்னெண்டு எனக்குத் தெரியாது. ஆரிட்டையும் கேக்கவும் ஏலாது.

— சீ, அது சரியான கேவலம்.

— பறவாயில்லை. பழகிட்டுது.

— பிள்ளையள், தேத்தண்ணியும் றோல்ஸும்! தம்பிக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டிருக்கு. காணுமோ?

— காணும், அன்ரி. சும்மா கஷ்டப்படுறீங்கள்.

— இதிலை என்ன கஷ்டம்? உந்த றோல்ஸ் எல்லாம் ஆதிரைதான் சுத்தினவள்.

— அம்மா, அது கடையிலை வாங்கினது.

— வாங்கினது நான், பொரிச்சது அவள், தம்பி. உங்கடை அம்மாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்திலை படிச்சிருக்கிறம், இப்பத்தான் தெரியவந்தது. எல்லாம் முருகன்ரை செயல். ஆதிரை, அந்தப் புத்தகத்தை மூடி வை. வந்த பிள்ளைக்கு முன்னாலை உதென்ன பழக்கம்?

— நான்தான் கேட்டனான், அன்ரி. கதை சொல்லுறா.

— கதையோ? நல்லம், நல்லம். நல்ல கதையாச் சொல்லு, பிள்ளை. ஆறுதலாக் கதையுங்கோ, ஒரு அவசரமும் இல்லை.

— போயிட்டா. பாத்தீங்களோ அந்த முகத்தை? அக்கா போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் அம்மா இப்பிடிச் சிரிக்கிறா.

— ரெண்டாவது ஆர்?

— வைத்தியர். "நீ ஓம் எண்டு சொல்லுவாய் எண்டு தெரியும், மோதிரத்தை வாங்கிக்கொண்டே வந்திட்டன்" எண்டு சொல்லுறார். அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? "தெரிஞ்சா என்னத்துக்கு என்னைக் கேட்டனீங்கள்? மோதிரத்தையே கட்டுங்கோ."

— நல்ல அடி.

— மூண்டாவது நிலம் அளக்கிறவன். அவனைத்தான் அவளுக்கு விருப்பம். ஆனா அவன் வாயே திறக்கிறானில்லை. கடைசியிலை அவளே கேக்கிறாள்.

— அவளேயோ? இருநூறு வருசத்துக்கு முந்தியோ?

— ஓம். அதாலைதான் இண்டைக்கும் எங்களைப் படிக்க வைக்கினம். சோதனையிலை வரப்போற கேள்வியே இதுதான்: இதிலை அதிகாரம் ஆரின்ரை கையிலை? கேக்கிறவரின்ரை கையிலையோ, மறுமொழி சொல்லுறவளின்ரை கையிலையோ?

— நீங்கள் என்ன சொல்லப்போறீங்கள்?

— அந்தக் காலத்திலை அவளுக்குச் சொந்தமாக் காசில்லை, காணி இல்லை, வோட்டுக்கூட இல்லை. இல்லை எண்டு சொல்லுற உரிமை மட்டும்தான் இருந்தது. அதை வைச்சுக்கொண்டு அவள் ராணி மாதிரி நிண்டாள் எண்டு எழுதி வைச்சிருக்கிறன். எழுதேக்கை எனக்கு அழுகை வந்திட்டுது, சுலக்ஷன். எனக்கு வோட்டு இருக்கு, ஜெர்மன் பாஸ்போட் இருக்கு, யூனி இருக்கு. அவளிட்டை இருந்த அந்த ஒண்டுதான் என்னட்டை இல்லை.

— கதை சந்தோசமா முடியுதோ?

— முடியுது. எனக்கு அந்தக் கடைசிப் பகுதியை வாசிக்கவே விருப்பமில்லை. இந்த வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு உதை வாசிச்சா எரிச்சல்தான் வருது.

— உப்பு வியாபாரி?

— என்ன உப்பு வியாபாரி?

— அவர் பிறகு வரேல்லையோ?

— இல்லை. அந்த ஒரு பக்கத்தோட சரி.

— அந்தக் கலியாணத்துக்குக்கூடக் கூப்பிடேல்லையோ?

— இல்லை, சுலக்ஷன். அவர் முக்கியமான ஆள் இல்லை. அவரை வேண்டாமெண்டு சொல்லுறதாலைதான் அவள் எப்பிடிப்பட்டவள் எண்டு எங்களுக்கு விளங்குது. அதுக்காகத்தான் அவரை வைச்சிருக்கிறது.

— அதுக்காகத்தான்.

— ஐயோ, நான் உங்களைச் சொல்லேல்லை.

— தெரியும். ஆனா அப்பிடித்தான் இருக்கு. ஸ்ருட்காட், பாரிஸ், லண்டன், எத்தினை வீடு ஏறி இறங்கியாச்சு. அந்தப் பெட்டையள் எல்லாரும் இப்ப ஆரையோ கட்டிப் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கினம். நான் எல்லாற்றை கதையிலையும் ஒரு பக்கம்தான். திரும்பிப் போற கார் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. அம்மா முன்னுக்கு இருந்து றோட்டையே பாத்துக்கொண்டு வருவா. ஹனோவர் தாண்டினாப் பிறகுதான், "அந்தப் பெட்டை ஒண்டும் அவ்வளவு வடிவில்லை" எண்டு தொடங்குவா. எனக்காகச் சொல்லுறா. நானும் ஓம் ஓம் எண்டுகொண்டு ஓடுவன்.

— அப்ப இண்டைக்கு நீங்கள் வேண்டாமெண்டு சொன்னா அம்மாவுக்கு என்ன மாதிரி?

— அதை விடுங்கோ.

— இல்லை, சொல்லுங்கோ.

— என்ரை தம்பி லக்ஸனுக்கு ஒரு பெட்டை சரிவந்திருக்கு. ரெண்டு பேரும் விரும்பித்தான். அண்ணன்காரன் கலியாணம் முடிக்காமல் தம்பிக்குச் செய்ய ஏலாதாம். அவன் இப்ப என்னோட கதைக்கிறதில்லை. ஒரே வீடு, ஒரே குசினி. நான் உள்ளை வந்தா அவன் எழும்பிப் போயிடுவான்.

— சொறி. உண்மையாச் சொறி.

— நீங்கள் ஏன் சொறி சொல்லுறீங்கள்? உங்களைத் தவிர ஒருத்தரும் என்ரை முகத்துக்கு நேர சொன்னதில்லை. நான்தான் நன்றி சொல்லவேணும்.

— ஆனாலும் சொல்லுவீங்கள்தானே? வெளியிலை போய்?

— சொல்லுறன் எண்டிட்டன்தானே.

— என்ன காரணம் சொல்லுவீங்கள்? சாதகம் எண்டு சொல்ல ஏலாது. அது நல்ல பொருத்தமாம்.

— படிப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லட்டோ?

— வேண்டாம்! "அதுக்கென்ன, நிப்பாட்டினாப் போச்சு" எண்டு அப்பா அந்த இடத்திலையே சொல்லிப்போடுவார்.

— உயரம்?

— நான் உங்களைவிடக் கட்டைதானே. அதைத்தான் எல்லாரும் தேடுகினம்.

— அப்ப பிடிக்கேல்லை எண்டு மட்டும்.

— ஓம். அது ஒண்டைத்தான் ஒருத்தராலையும் திருத்த ஏலாது. சொல்லிப் பாருங்கோ.

— இப்பவோ?

— இப்ப. நான்தான் அம்மா. "என்ன தம்பி, கதைச்சு முடிஞ்சுதோ? உங்களுக்கு எப்பிடி?"

— அன்ரி, வந்து, பிள்ளை நல்ல பிள்ளை...

— நல்ல பிள்ளை எண்டு தொடங்கினாத் தாலி கட்டினாப்போலைதான். திருப்பிச் சொல்லுங்கோ.

— அன்ரி, குறை நினையாதேங்கோ. எனக்கு யோசிக்கக் கொஞ்ச நாள் வேணும்.

— விசரே! யோசிக்கவேணும் எண்டு சொன்னா அம்மா விடிஞ்சாப் பொழுதுபட்டா உங்கடை வீட்டுக்கு ஃபோன் எடுப்பா. ஒரேயடியா வெட்டவேணும். நிலத்தைப் பாக்காதேங்கோ. என்ரை கண்ணைப் பாத்துச் சொல்லுங்கோ.

— பாக்கிறன்.

— சொல்லுங்கோ.

— எனக்கு ஆதிரையை...

— ம், சொல்லுங்கோ.

— ஏலாமல் கிடக்கு.

— ஏன் ஏலாது?

— அது பொய்.

— பொய்தான்! எல்லாரும் உங்களுக்குப் பொய்தானே சொன்னவை. நீங்கள் எனக்காக ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ.

— நான் ஆரோடையும் இப்பிடிக் கதைச்சதில்லை, ஆதிரை. பெட்டையள் எண்டில்லை, ஆரோடையும். வேலையிலை நான் தனிய, முன்னுக்கு இருட்டு. பின்னாலை ஆயிரம் சனம் இருக்கும், ஒருத்தரும் என்ரை முகம் பாக்கிறதில்லை. வீட்டை வந்தா அம்மாவின்ரை அழுகை. இஞ்சை நீங்கள் ஒரு கதை சொன்னீங்கள், நான் கேள்வி கேட்டன், நீங்கள் மறுமொழி சொன்னீங்கள். இது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்குத் தெரியாது.

— சுலக்ஷன், வேண்டாம். உதை இப்ப சொல்லாதேங்கோ.

— ஒண்டு மட்டும் கேக்கிறன். நான் தனியா வந்து உங்களிட்டையே கேட்டிருந்தா?

— இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன்.

— ஏன் எண்டும் சொல்லியிருப்பீங்களோ?

— சொல்லியிருப்பன். உங்கடை வேலையாலை இல்லை, முகத்தாலை இல்லை. நீங்கள் நல்லவர். எனக்கு இப்ப ஒருத்தரும் வேண்டாம். எனக்கு ஒரு அறை வேணும். அதின்ரை கதவை நான் முழுக்கச் சாத்தவேணும். உங்களிலை ஒரு பிழையும் இல்லை.

— ஒரு பிழையும் இல்லை.

— இல்லை.

— ஒரு பிழையும் இல்லாமலும் வேண்டாமெண்டா, பிறகு மனிசன் என்ன செய்யிறது?

— எனக்குத் தெரியாது. அழுறீங்களோ?

— இல்லை. தேத்தண்ணி சூடு.

— நேரம் போகுது, சுலக்ஷன். ஹோலுக்கை கதை நிண்டிட்டுது, கவனிச்சீங்களோ? கதவைத்தான் பாத்துக்கொண்டு இருப்பினம். ஒருக்கா, மெதுவாச் சொல்லுங்கோ. "எனக்குப் பிடிக்கேல்லை, அன்ரி."

— எனக்குப் பிடிக்கேல்லை, அன்ரி.

— ஆ, வந்திட்டுது! இன்னொருக்கா. கொஞ்சம் இறுக்கமா.

— எனக்குப் பிடிக்கேல்லை, அன்ரி. மன்னியுங்கோ.

— மன்னியுங்கோ தேவையில்லை. சரி, இருக்கட்டும், உங்கடை குணம் அது. நல்லாச் சொல்லுறீங்கள். நீங்கள் எனக்கு என்ன செய்யிறீங்கள் எண்டு உங்களுக்கே தெரியாது. ஸ்கொட்லாண்டிலை இருந்து உங்களுக்கு ஒரு போஸ்ட் காட் போடுவன், உண்மையா.

— போடுவீங்களோ?

— போடுவன்.

— போடமாட்டீங்கள். பறவாயில்லை.

— முகத்தைத் துடையுங்கோ. அம்மா வாறா.

— பிள்ளையள், முடிஞ்சுதோ? ஐயோ, ஏன் தம்பி கண் சிவந்து கிடக்கு? ஆதிரை, என்னடி சொன்னனி?

— நான் ஒண்டும் சொல்லேல்லை, அம்மா. அவர் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணுமாம்.

— சொல்லுங்கோ, தம்பி. எதெண்டாலும் பயப்பிடாமல் சொல்லுங்கோ. ஏன் அவளைப் பாக்கிறீங்கள்? என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

— மாமி, எங்கள் ரெண்டு பேருக்கும் சம்மதம்.